மண்டரின் தோட்டத்து வெடி

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் யாக்கோபு வீட்டை விட்டு வெளிக்கிட்டது, இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்த இத்தனை காலத்தில் அன்றுதான் முதல்தடவை. பொலிதேயாமாவில் ஓர் அலுவலகத்தில் முதல்நாள் விருந்து நடந்ததாம், கழுவித் துடைக்க வரச் சொன்னார்களாம் என்று மனைவி எமிலியானாவிடம் ஒரு பொய்யைச் சொன்னார். பொய் பழகாத வாய். சேர்ட்டுப் பொத்தானைப் பார்த்துக்கொண்டுதான் அதைச் சொல்ல முடிந்தது.

"ஞாயிற்றுக்கிழமையுமோ?" என்றாள் எமிலியானா.

"ஓம். சிஞோரா கட்டாயம் வரச் சொன்னவ."

"சாப்பாட்டுக்கு வருவியளோ?"

"பிந்தும். நீர் சாப்பிடும்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. மகள் போன பிறகு அந்த வீட்டில் கேள்விகள் குறைந்துவிட்டன. செபமாலையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவள் கோயிலுக்குப் போனாள். யாக்கோபு நகரத்தின் ஓரத்திலுள்ள பிரான்காச்சோவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்.

ஒரு றிவோல்வர் வாங்கப் போனார். அதைக் கொண்டு மிம்மோ என்ற மீன்காரனைச் சுடுவதென்று முடிவெடுத்திருந்தார்.

மகள் ஜெனுஷா இந்த ஊரிலேயே பிறந்த பிள்ளை. தாதிப் படிப்பின் கடைசி வருடம். போன மாரியில் ஒரு மத்தியானம், போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டில் தெருவைக் கடக்கும்போது ஒரு வான் அவளை அடித்துவிட்டுப் போனது. மீன் ஏற்றும் வான். அதை ஓட்டியவன் மிம்மோ என்பது அந்தச் சந்தைக்கே தெரியும். வான் அன்று காலையே களவு போய்விட்டது என்று அவன் சொன்னான். சந்தையில் நின்ற ஒருவர் அந்த நேரம் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தாராம். இன்னொருவர் குனிந்து சப்பாத்து நாடா கட்டினாராம். மூன்றாமவருக்குக் கண்ணில் தூசி. பட்டப்பகலில், அத்தனை சனம் நின்ற தெருவில், ஒரு பெண்பிள்ளை செத்ததை ஒருவருமே காணவில்லை. சாட்சி இல்லாமல் வழக்கு படுத்துவிட்டது.

பழியை ஆண்டவரிடம் விட்டுவிடச் சொன்னார் பாதர். யாக்கோபுவும் விட்டுத்தான் பார்த்தார். வேலைக்குப் போகும் வழி அந்தச் சந்தைக்குள்ளால்தான். தினமும் மிம்மோவின் கடையைத் தாண்டும்போது நிலத்தைப் பார்த்து நடந்தார். ஒருநாள் மிம்மோ கடைக்குப் பின்னாலிருந்து வந்து, ஒன்றும் பேசாமல், முகத்தையும் பார்க்காமல், இரண்டு விளைமீனைக் கடதாசியில் சுற்றி அவருடைய பைக்குள் வைத்துவிட்டுப் போனான். காசு வாங்கவில்லை. யாக்கோபு மரம்போல நின்றார். வீட்டில் எமிலியானா, யார் தந்த மீன் என்று தெரியாமலே, புளி விட்டுக் குழம்பு வைத்தாள். அவரும் ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேளாமல் சத்தி எடுத்தார். அன்றைக்குத்தான் மனதுக்குள் ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. அது பிறகு எழும்பவே இல்லை.

இப்போது மிம்மோ ஜெர்மனிக்குப் போகிறான், தமையனிடம். திங்கள் விடிய அக்கரைக்குக் கப்பல். ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு கடையைக் கடைசித் தடவையாகக் கழுவிப் பூட்டுவான் என்று சந்தையில் ரொட்டி சுட்டு விற்கும் பாண்கடைக்காரி யாருக்கோ சொன்னது யாக்கோபுவின் காதில் விழுந்தது. இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை.

பஸ்ஸின் கடைசித் தரிப்பில் இறங்கினார். துணி காயப்போட்ட மாடிக் குடியிருப்புகள். அவற்றில் ஒன்றின் கீழே, கராஜ் போன்ற ஓர் அறையின் வாசலில், கைத்தடியை மடியில் வைத்தபடி வீத்தோ கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பொலிதேயாமாவில் யாக்கோபு துப்புரவு செய்யும் கட்டடத்துக்கு நெடுங்காலம் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். மனைவி தவறிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. யாக்கோபு என்ற பெயர் அவர் வாயில் எப்போதும் ஜாக்கோமோதான். அவருடைய இத்தாலியத்தில் பாதி சிசிலித் தீவுப் பேச்சு; யாக்கோபுவுக்கு அது பழகிப் போயிருந்தது.

"வா ஜாக்கோமோ. கிழவன் இன்னும் சாகேல்லையோ எண்டு பாக்க வந்தியோ?"

"நீங்கள் சாக மாட்டியள் சிஞோர் வீத்தோ. அங்கையும் வாசல்லை இருந்து, ஆர் எவர் எண்டு விசாரிப்பியள் எண்டு பயத்திலை உங்களைக் கூப்பிடாமல் இருக்கினம்."

கிழவர் சிரித்தார். யாக்கோபுவும் சிரித்தார். கொலை செய்யப் புறப்பட்ட மனிதனுக்குப் பகிடியும் வருகிறதே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அறைக்குள் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அடுத்த மாதம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். வீத்தோ கோப்பி போட்டுக் கொடுத்தார். பிறகு அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய கேக் தகரத்தை இறக்கி, அதற்குள்ளிருந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்து, காலுறைக்குள்ளிருந்து றிவோல்வரை வெளியே இழுத்தார்.

யாக்கோபு எதிர்பார்த்தது துருப்பிடித்த ஒரு பழஞ்சாமானை. இதுவோ நேற்றுக் கடையில் வாங்கியதுபோல இருந்தது. கருநீல இரும்பில் ஒரு கீறல் இல்லை. மரப்பிடி கை பட்டுப் பட்டு, கோயில் வாங்குப் பலகைபோல வழவழத்துக் கிடந்தது. உருளையைச் சுற்றினால் மணிக்கூட்டுச் சில்லுப்போல ஒவ்வொரு பல்லிலும் நின்று நின்று நகர்ந்தது. மெல்லிய எண்ணெய் வாசம்.

"மாதத்துக்கு ஒருக்கால் துடைப்பன்," என்றார் வீத்தோ. "சுவாமியார் பூசைக் கிண்ணத்தைத் துடைக்கிற மாதிரி. என்ரை மனிசி இருக்கேக்கை சொல்லுவா, என்னை ஒருநாளும் இப்பிடித் தடவேல்லை எண்டு."

"இது ஆரையும்..."

"இல்லை. இடுப்பிலை கட்டிக்கொண்டு எத்தினை வருசம் வாசல்லை நிண்டன். ஒருதரையும் சுடேல்லை. ஒருதருக்கும் நீட்டவும் இல்லை. அதுதான் இப்பிடி வடிவாய்க் கிடக்கு."

வேலையை விடும்போது ஒப்படைத்திருக்க வேண்டிய சாமான். அவர் ஒப்படைக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இல்லத்துக்குக் கொண்டுபோக முடியாது. குப்பையில் போட மனமில்லை. போன கிழமை யாக்கோபு தொலைபேசியில் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, கிழவர் ஞாயிற்றுக்கிழமை வா என்றார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

ஆனாலும் யாக்கோபு தானாகவே சொன்னார்: "எங்கடை பக்கம் கள்ளர் கூடிப் போச்சு."

"உன்ரை வீட்டிலை களவெடுக்க என்னடாப்பா கிடக்கு?" என்று வீத்தோ வழக்கம்போலப் பகிடியாகக் கேட்டுவிட்டார்.

கேட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. எடுக்க இருந்ததை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். ஜெனுஷா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தகப்பன் வேலை முடித்து வரும்வரை, வீத்தோவின் காவல் அறையில்தான் உட்கார்ந்து படம் கீறுவாள். கிழவர் கோப்பிக் குவளையை எடுத்துக் கழுவத் தொடங்கினார். கழுவிய குவளையையே திரும்பவும் கழுவினார்.

யாக்கோபு ஓர் உறையை மேசையில் வைத்தார். மகளின் பட்டமளிப்புக்குச் சங்கிலி வாங்க எடுத்து வைத்த காசு அது. வீத்தோ அதைத் தொடவில்லை.

"முதல்லை வெடி வைச்சுப் பாப்பம்," என்றார்.

"தேவையில்லை. நீங்கள் சொன்னால் சரி."

"சப்பாத்து வாங்கிறவன் போட்டு நடந்து பாக்காமல் வாங்குவானோ? எண்ணெய் பூசினது உண்மைதான். எண்ணெய் பூசின பிரேதம் எழும்பி நடக்குதோ? வா. இண்டைக்குச் சின்னக் கோயில்லை திருநாள். நடுப்பகலுக்கு வெடி கொளுத்துவாங்கள். அந்தச் சத்தத்துக்குள்ளை எங்கடை சத்தம் ஆருக்குக் கேக்கப்போகுது?"

குடியிருப்புகளுக்குப் பின்னால் மலையடிவாரத்தில் சின்ன ஆரஞ்சுப் பழம் காய்க்கும் ஒரு மண்டரின் தோட்டம் கைவிடப்பட்டுக் கிடந்தது. ஆட்கள் பிடுங்காமல் பழங்கள் மரத்திலேயே வற்றித் தொங்கின. நடுவில் முன்பு நீர் பாய்ச்சிய பெரிய கல்தொட்டி, பச்சைத் தண்ணீரோடு. தடியை ஊன்றி ஊன்றி வீத்தோ முன்னே நடந்தார். ஒரு தக்காளித் தகரத்தை மதிலின்மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்து மூச்சு வாங்கினார். கோயில் பக்கமிருந்து பாண்ட் வாத்தியம் காற்றில் வந்தது.

முதல் சரவெடி படபடவென்று தொடங்கியதும் வீத்தோ கையை நீட்டிச் சுட்டார். தகரம் அசையவில்லை. மதிலில் ஒரு சாண் தள்ளிப் புழுதி பறந்தது.

"துவக்குக்கு ஒண்டுமில்லை," என்றார். "கண்தான் போட்டுது. இந்தா."

யாக்கோபு அதை வாங்கினார். நினைத்ததைவிடப் பாரம். பிறந்த ஊரில் போர்க்காலத்தில் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு திரிந்ததைக் கண்டிருக்கிறாரே தவிர, அவர் கையில் ஒரு துவக்கு வந்தது இதுவே முதல்தரம். தகரத்தைப் பார்த்தார். தகரம் மிம்மோவின் மஞ்சள் ஏப்ரனாக மாறியது. கீழே குனிந்து தளத்தைக் கழுவிக்கொண்டிருப்பான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் நிமிர்வான். நிமிர்ந்ததும்.

விசையை இழுத்தார். தகரம் எகிறி மதிலுக்கு அப்பால் விழுந்தது.

"அட மாதாவே," என்றார் வீத்தோ மெதுவாக. "எங்கை பழகினனீ?"

"பழகேல்லை."

கை நடுங்கவில்லை. அது அவருக்குப் பயமாக இருந்தது. அதுவே ஆறுதலாகவும் இருந்தது. இவ்வளவு லேசான காரியமா என்று நினைத்தார். இதற்காகவா இத்தனை மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன் என்றும் நினைத்தார்.

அந்த நினைப்பு முடியவில்லை. கோயிலில் கடைசி வெடியைக் கொளுத்தினார்கள். சரவெடி அல்ல, குழாயிலிருந்து வானத்துக்கு ஏறி வெடிக்கும் பெரிய குண்டு. ஒளி இல்லை, சத்தம் மட்டும்தான். நெஞ்சில் அறைகிற சத்தம். தரை அதிர்ந்தது.

பிறகு என்ன நடந்ததென்று யாக்கோபுவுக்குத் தெரியாது. அவருடைய உடம்புக்குத்தான் தெரியும். மன்னாரில் ஷெல் விழுந்த காலத்தில் அந்த உடம்பைப் பழக்கியிருந்தார்கள். சத்தம் கேட்டால் விழு, வாயைத் திற, பக்கத்தில் நிற்பது எவரென்று பாராதே, இழுத்துக் கீழே போட்டு மேலே படு. மூத்த பிள்ளையான அவர் தம்பி தங்கைகள் மேலே எத்தனையோ தடவை படுத்திருக்கிறார். பலேர்மோவில் வந்து இறங்கிய பிறகு மறந்துபோயிற்று என்றுதான் நினைத்திருந்தார்.

கண் தெளிந்தபோது அவர் குப்புறக் கிடந்தார். வாய் திறந்திருந்தது, பல்லில் மண். அவருக்குக் கீழே வீத்தோ. கிழவரின் மொட்டைத் தலையை அவருடைய உள்ளங்கை பொத்திப் பிடித்திருந்தது.

"என்ரை இடுப்பு," என்று கீழிருந்து குரல் வந்தது. "ஜாக்கோமோ, என்ரை இடுப்பு. உனக்கு விசரோ?"

யாக்கோபு உருண்டு இறங்கினார். வீத்தோ எழும்பப் பார்த்தார், முடியவில்லை. வலது கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. முகம் மெழுகுதிரி நிறமாகிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வீடுகளில் வயதானவர்களைப் பராமரித்து, தூக்கிப் படுக்க வைத்துப் பழகிய யாக்கோபுவுக்கு அந்தக் கால் எதைச் சொல்கிறதென்று ஒரு பார்வையில் தெரிந்தது.

"அசையாதேங்கோ. அசையவே கூடாது."

"என்னத்துக்கடா என்னை விழுத்தினனீ?"

"குண்டு எண்டு நினைச்சன்."

வீத்தோ திட்டப்போனவர் நிறுத்திக்கொண்டார். "எனக்கு மேலை படுத்தனீயோ," என்றார். "குண்டு எண்டு நினைச்சோ."

யாக்கோபு ஆம்புலன்ஸுக்கு அடித்தார். ஊர்வலம் தெருவை அடைத்து வருகிறது, பிந்தும், ஆளை அசைக்க வேண்டாம் என்றார்கள். போனை வைத்துவிட்டு அவர் நின்றார். றிவோல்வர் நாலைந்து அடி தள்ளிப் புல்லுக்குள் கிடந்தது. எடுத்துத் துடைத்தார். உருளை சுற்றியது. ஒரு கீறல் விழவில்லை.

கிழவர் நிலத்தில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ் இருக்கு," என்றார். "போறதெண்டால் போ. அவங்கள் வந்து என்னைத் தூக்குவாங்கள்."

யாக்கோபு அதைப் பைக்குள் வைத்தார். நடந்தார். மரங்களுக்கு ஊடாக, தோட்டத்தின் இரும்புக் கதவு வரைக்கும் நடந்தார். அங்கிருந்து பஸ் தரிப்பு தெரிந்தது. இந்த பஸ்ஸைப் பிடித்தால் மிம்மோ கடை பூட்டுவதற்கு முன் போய்விடலாம். பின்னாலிருந்து வீத்தோ கூப்பிடுவார், கெஞ்சுவார் என்று காத்திருந்தார். கூப்பிட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார்.

வீத்தோ கூப்பிடவில்லை. தோட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை.

எமிலியானாவுக்குக்கூட யாக்கோபு சொல்லாத ஒரு விஷயம் உண்டு. வழக்கு முடிந்தபின் ஒருநாள் பாண்கடைக்காரி கடைக்குப் பின்னால் அவரைக் கூட்டிப்போய், அழுது அழுது சொன்னாள். உன்னுடைய பிள்ளை உடனே சாகவில்லை. தெருவில் கிடந்தாள். கை அசைந்தது. நாங்கள் பார்த்தோம். பார்த்துவிட்டுக் கடைக் கதவுகளை இழுத்து மூடினோம். யாராவது பக்கத்தில் போனால் சாட்சிக்கு இழுப்பார்கள். அவள் கூப்பிடவில்லை, அதனால் எங்களுக்கு லேசாக இருந்தது.

யாக்கோபு இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆண்டவர் சிலரை வார்த்தையால் தடுப்பார். சிலரைக் கையைப் பிடித்துத் தடுப்பார். யாக்கோபுவை அவர் தடுக்கவே இல்லை. வழி திறந்துதான் கிடந்தது, பஸ்ஸும் வந்து நின்றது. நிலத்தில் ஒரு மனிதன் கிடக்கையில் நடந்து போகக் கால் வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் காலின்மேல் அவருக்குக் கோபம்கூட வந்தது.

திரும்பி வந்தார். தன் ஜக்கெற்றைக் கழற்றிக் கிழவர்மேல் போர்த்தினார். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கைக்குட்டையை நனைத்து உதட்டில் வைத்தார்.

"பஸ் போட்டுதோ?" என்றார் வீத்தோ, கண்ணைத் திறக்காமல்.

"போகட்டும்."

"அடுத்தது இருக்கு. போ நீ. நான் ஆருக்கும் ஒண்டும் சொல்லன்." வாய் போ என்றது. கை யாக்கோபுவின் சேர்ட்டுக் கையைப் பிடித்தது, விடவில்லை. கிழவர் சொன்னார்: "எனக்குத் தெரியும், ஜாக்கோமோ. நீ போன் எடுத்த அண்டைக்கே தெரியும். கள்ளருக்கில்லை எண்டு."

"தெரிஞ்சும் தந்தியளோ?"

"நான் கேக்கேல்லை. கேட்டால் நீ சொல்லியிருப்பாய். சொன்னால் நான் ஏதும் செய்யவேண்டி வந்திருக்கும். இந்த ஊரிலை எங்களுக்குப் பால் தரேக்கையே தாய்மார் படிப்பிக்கிறது அதுதான், கேக்காதை எண்டு." மூச்சை இழுத்துக்கொண்டார். "நீ சாதுவான ஆள் எண்டு நினைச்சன். வைச்சிருப்பாய், கையிலை பிடிச்சுப் பாப்பாய், கொஞ்சம் மனம் ஆறும் எண்டு நினைச்சன். அந்தத் தகரம் பறக்கேக்கைதான் விளங்கினது."

யாக்கோபு தன் கைகளைப் பார்த்தார். இடி கேட்டால் எவன் பக்கத்தில் நிற்கிறானோ அவன்மேல் பாய்ந்து படுக்கிற உடம்பு. ஒரு கிழவன்மேல் படுத்தது. பெற்ற பிள்ளைக்கு மேலே படுக்க அன்றைக்கு அது அங்கே இருக்கவில்லை. பொலிதேயாமாவில் யாருடையவோ யன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி. மண்ணில் முகத்தை வைத்து அவர் அழுதார். மரணச் சடங்கன்றைக்கும் அப்படி அழவில்லை. வீத்தோ தன் வலியோடு கையை நீட்டி அவருடைய முதுகில் தட்டினார், பாப்பாவுக்கு ஏவறை எடுக்கத் தட்டுவதுபோல.

தூரத்தில் ஆம்புலன்ஸ் சங்கு ஊதும் சத்தம் கேட்டதும் கிழவர்தான் முதலில் சுதாரித்தார்.

"அதை எடுத்துத் தொட்டிக்குள்ளை போடு."

"உங்கடை துவக்கு..."

"போடடா. நான் துடைச்சதெல்லாம் காணும்."

யாக்கோபு தொட்டியருகே போனார். கடைசியாக ஒருதரம் அதைப் பார்த்தார். உண்மையிலேயே வடிவான சாமான். அதைத் தண்ணீருக்குள் விட்டபோது மனம் இலேசாகும் என்று எதிர்பார்த்தார். இலேசாகவில்லை. பச்சைப் பாசி விலகி, திரும்பவும் மூடிக்கொண்டது. மகளுக்காகச் செய்யக்கூடிய கடைசிக் காரியமும் கையைவிட்டுப் போனதுபோல இருந்தது.

ஆஸ்பத்திரியில் வீத்தோவை உள்ளே கொண்டுபோனார்கள். யாக்கோபு நடைபாதையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். எமிலியானாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"எங்கை நிக்கிறியள்? அங்கை விருந்து ஒண்டும் நடக்கேல்லையாம். உங்களோடை வேலை செய்யிற பெனடிக்ற் அண்ணையைக் கோயில்லை கண்டனான்."

"ஆஸ்பத்திரியிலை. எனக்கொண்டுமில்லை. சிஞோர் வீத்தோ விழுந்திட்டார். நான்தான் விழுத்தினன்."

"சாப்பிட்டியளோ?" என்றாள். "வாறன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோயிலுக்குக் கட்டிய சேலையோடேயே வந்தாள். கையில் சோற்றுப் பார்சலும் ஒரு போத்தலில் சூப்பும். சூப் கிழவருக்கென்று விளங்கியது. அவர் பார்சலைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பொய்யை, றிவோல்வரை, தகரத்தை, தொட்டியை. பாண்கடைக்காரி சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதைத் தன்னோடேயே வைத்துக்கொண்டார்.

எமிலியானா நிலத்தின் ஓடுகளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்கள் அவனைச் சுட்டுப்போட்டு மறியலுக்குப் போயிருந்தால் நான் ஆரோடை இருக்கிறது?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டும்.

"நான் யோசிக்கேல்லை."

"உங்களுக்கு ஒண்டு சொல்லுறன். பேசப்படாது." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "நான் ஒவ்வொரு பூசையிலையும் அவன் சாகவேணும் எண்டுதான் மன்றாடுறன். நற்கருணை எடுத்துக்கொண்டு வந்து முழங்காலிலை நிண்டு அதைத்தான் கேக்கிறன். இண்டைக்கும் கேட்டன். பாவசங்கீர்த்தனத்திலை சொல்ல வெக்கமாய்க் கிடக்கு."

யாக்கோபு அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரே கூரையின் கீழ், ஒரே கட்டிலில், இருவரும் ஒரே இருட்டைத் தனித்தனியாகச் சுமந்து திரிந்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் கேட்கவில்லை. இந்த ஊர்க்காரரைச் சொல்லிக் குற்றமில்லை என்று அவருக்குத் தோன்றியது.

"அவன் போட்டானோ?" என்றாள்.

"விடியப் போயிடுவான்."

"ம்."

அதன் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? மிம்மோ போய்விடுவான். தமையன் வீட்டில் சாப்பிட்டு, வேலை தேடி, கலியாணமும் கட்டுவான். இரண்டு மீனைச் சுற்றித் தந்த அந்தக் கை இரவில் நித்திரை கொள்ளுமோ என்னவோ, அது ஆண்டவருக்கும் அவனுக்கும்தான் வெளிச்சம். யாக்கோபு நாளைக்கும் அந்தச் சந்தைக்குள்ளால் வேலைக்குப் போகவேண்டும். நாளை மறுநாளும். பூட்டிய கடையைத் தாண்டி எப்படி நடப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. திறந்திருந்த கடையைத் தாண்டவாவது ஒரு வெறுப்பு துணைக்கு இருந்தது.

வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு தாதிப் பெண் வாசலுக்கு வந்தாள். மகளின் வயதுதான் இருக்கும். கிழவருக்கு நாளைக்குச் சத்திரசிகிச்சை, இப்போது கொஞ்சம் பார்க்கலாம், அவருடைய ஆட்கள் யார் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். நடைபாதையில் வேறு யாரும் இல்லை.

எமிலியானா சூப் போத்தலை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"சூடு ஆறமுதல் குடுப்பம்," என்றாள். "அவருக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளுமோ தெரியேல்லை. மிளகு கொஞ்சம்தான் போட்டனான்."

யாக்கோபு உடனே எழும்பவில்லை. கைகளை முழங்காலில் வைத்தபடி, அவள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பினார். போவதற்கு வேறு இடமும் அவருக்கு இருக்கவில்லை.